யார் இந்த தொண்டமான்? நாடற்றவர்களுக்காக 40 வருடம் போராடிய எஸ்டேட் முதலாளியின் கதை

மதுரைப் பக்கம் இருந்து வேலைக்காக வந்து கோவில்பதாகையில் வீடு பிடிச்சவங்க, ஒரு விண்ணப்பம் போட்டா போதும். ஆவடி தொகுதியில் ஓட்டு வந்துடும். உங்க தாத்தா எங்கே பிறந்தார்னு யாரும் கேக்கப் போறதில்லை.

1948-ல் இலங்கை அதைத்தான் கேட்டது. அந்த நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால், அப்பா வழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயன் அறைகளில் பிறந்தவர்களிடம் அதற்கெல்லாம் ஏது சான்றிதழ்? சுமார் 7 லட்சம் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் ஓட்டும் போனது.

அந்த மக்களின் முகமாக நின்றவர் சௌமியமூர்த்தி தொண்டமான்.

கங்காணியின் மகன்

எஸ்டேட்னா நமக்கு அம்பத்தூர்தான் ஞாபகம் வரும். அங்கே எஸ்டேட்னா தேயிலை. வெள்ளைக்காரத் துரைமாரின் தோட்டங்களுக்கு ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் சேர்த்துக் கொண்டுபோனவர்கள் கங்காணிகள். தொண்டமானின் அப்பா கருப்பையா அப்படிப் போனவர்தான். ஆனால் அவர் ரம்பொடை பகுதியில் வேவண்டன் என்ற தோட்டத்தையே சொந்தமாக வாங்கும் அளவுக்கு உயர்ந்தார்.

1913 ஆகஸ்ட் 30 அன்று இன்றைய சிவகங்கை மாவட்டக் கிராமம் ஒன்றில் பிறந்த மகன், 11 வயதில் அப்பாவிடம் கடல் தாண்டிப் போனார். கம்பளையில் படிப்பு. 1939-ல் நேரு கொழும்பு போனபோது இலங்கை இந்தியர் காங்கிரஸ் உருவானது. இளைஞர் தொண்டமான் அதில் சேர்ந்தார்.

ஒரு தோட்ட முதலாளி, தோட்டத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவரா? இந்த முரண்பாட்டை அவருடைய எதிரிகள் கடைசிவரை விடவில்லை. அது நியாயமான கேள்வியும்கூட. ஆனால் துரைமாரின் கணக்கு எப்படி ஓடும் என்பது உள்ளே இருந்த அவருக்குத்தான் நல்லாத் தெரியும்.

1947 தேர்தலில் இந்தியர் காங்கிரஸ் 7 இடங்களை வென்றது. நுவரெலியாவில் ஜெயித்தவர் தொண்டமான். வேறு பல தொகுதிகளில் தோட்ட மக்களின் ஓட்டு இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தது. ஆட்சியிலிருந்தவர்களை அது உறுத்தியது. மறு வருடமே அந்தச் சட்டம் வந்தது என்பது தற்செயல் இல்லை.

1952-ல் பிரதமர் அலுவலகம் முன்பு மாதக்கணக்கில் சத்தியாகிரகம் நடத்தினார்கள். பலன் இல்லை. அந்தத் தேர்தலில் மலையக மக்களின் பிரதிநிதி என்று ஒருவர்கூட நாடாளுமன்றம் போகவில்லை.

பங்கு பிரித்த ஒப்பந்தம்

1964 அக்டோபர் 30. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்துப் போட்டார்கள். மொத்தம் 9.75 லட்சம் பேர். இந்தியாவுக்கு 5.25 லட்சம், இலங்கைக்கு 3 லட்சம். மீதி 1.5 லட்சத்தை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சம்பந்தப்பட்ட மக்களையோ அவர்களின் தலைவர்களையோ யாரும் கலந்து பேசவில்லை. தொண்டமான் இதைக் கடுமையாக எதிர்த்தார்.

அமெரிக்காவிலும் இப்படி நடந்தது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் மெக்சிகோ வம்சாவளியினரை ரயிலேற்றி எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பினார்கள். அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்களும் அதில் இருந்தார்கள்.

இங்கே ரயிலோடு கப்பலும். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். 'தாயகம் திரும்பியோர்' என்று அவர்களுக்குப் பெயர்; பலர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களை, இன்றைய டேன்டீயை, 1968-ல் தொடங்கியது இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான். மறுபடியும் அதே கொழுந்து, அதே கூடை.

பேரம் பேசத் தெரிந்தவர்

1976-ல் தமிழர் விடுதலைக் கூட்டணி தனி ஈழம் கேட்டபோது தொண்டமான் விலகி நின்றார். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே வாழும் மலையக மக்களுக்கு அதில் எதுவும் இல்லை என்பது அவர் கணக்கு. 1977-ல் நுவரெலியா-மஸ்கெலியாவில் ஜெயித்தார். 1978-ல் ஜெயவர்த்தனே அரசில் அமைச்சர். 1983 ஜூலை கலவரத்தில் மலையகத் தமிழரும் தாக்கப்பட்டார்கள். அப்போதும் அவர் பதவியை விடவில்லை. இதற்காக இன்றுவரை திட்டு வாங்குகிறார்.

பதவியில் இருந்துகொண்டே வேலைநிறுத்தம் செய்தவரும் அவர்தான். 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பெண் தொழிலாளர்களுக்கும் ஆண்களுக்குச் சமமான நாள் சம்பளம் கிடைத்தது. 1986 தைப்பொங்கல் அன்று இன்னொரு உத்தி: வேலைநிறுத்தம் என்று சொல்லவில்லை, பிரார்த்தனை என்றார். கொழுந்து பறிக்க வேண்டிய நேரத்தில் எல்லாரும் கும்பிட்டுக்கொண்டிருந்தால் எந்தத் தோட்டம் ஓடும்? உள்நாட்டுப் போரின் நடுவே தேயிலை வருமானத்தை இழக்க அரசுக்குத் தெம்பில்லை. அந்த வருடமே சட்டம் வந்தது. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் மிச்சமிருந்த 94,000 பேரையும் சேர்த்து 4.69 லட்சம் பேரை ஏற்க இலங்கை ஒத்துக்கொண்டது. 1988-ல் இன்னொரு சட்டம் நடைமுறையை எளிமையாக்கியது.

நான்கு ஜனாதிபதிகளின் ஆட்சியில் அமைச்சராக இருந்த தொண்டமான், 1999 அக்டோபர் 30 அன்று காலமானார். சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகி சரியாக 35 வருடம் ஆன நாள் அது. விடுபட்டுப்போன கடைசி நாடற்றவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2003-ல்தான்.