கடல் ஏன் நீலம்? கப்பலில் இருந்து பதில் தேடிய சி.வி.ராமன்

ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்துப் பாருங்கள். நிறமே இருக்காது. ஆனால் தியோமான் தீவுப் பக்கம் படகில் போனால் தண்ணீர் நீலமாக இருக்கும். சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரையில் நின்று பார்த்தாலோ பச்சையும் பழுப்பும் கலந்த மாதிரி தெரியும். அது கரையோரச் சேறும் பாசியும் செய்யும் வேலை, அதை விட்டுவிடலாம். சேறு இல்லாத ஆழ்கடலுக்கு அந்த நீலம் எங்கிருந்து வருகிறது?

வானம் நீலம், அதன் பிம்பம்தான் கடலில் தெரிகிறது என்று யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் சாதாரண ஆள் இல்லை. வானம் ஏன் நீலம் என்பதற்குக் கணக்குப் போட்டு விளக்கம் தந்த பிரிட்டிஷ் அறிவியலாளர் லார்டு ரேலி. 1904ல் நோபெல் பரிசு வாங்கியவர். அவரே சொன்ன பிறகு அதைச் சோதித்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

தோன்றியது ஒருவருக்கு. அவர் பல ஆண்டுகள் அறிவியல் வேலையைச் செய்ததே அலுவலகத்துக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் கிடைத்த நேரத்தில்தான்.

கணக்கு அதிகாரி, ஆனால் மனம் வேறு இடத்தில்

சந்திரசேகர வெங்கட ராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் தேதி திருச்சிராப்பள்ளியில் பிறந்தார். அப்பா கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். அதனால் வீட்டில் புத்தகங்களுக்குக் குறைவில்லை. பையன் படு வேகம். சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கும்போது 16 வயதுகூட முழுசாக ஆகவில்லை. 18 வயதில் லண்டனில் வெளிவரும் அறிவியல் சஞ்சிகையில் அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை வந்துவிட்டது.

அடுத்து இங்கிலாந்துக்குப் போய்ப் படிக்க வேண்டியதுதானே? உடம்பு அந்த ஊர்க் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அந்தக் காலத்து இந்தியாவில் அறிவியல் படித்தவருக்கு அறிவியலை வைத்தே பிழைக்க வழி ரொம்பக் குறைவு. தேர்வு எழுதி, 1907ல் அரசாங்க நிதித்துறையில் அதிகாரியாகச் சேர்ந்தார். அதே ஆண்டு லோகசுந்தரியுடன் திருமணம். வேலை கல்கத்தாவில். நல்ல சம்பளம், நல்ல பதவி.

ஒருநாள் டிராமில் போய்க்கொண்டிருந்தபோது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்று இருந்தது. மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் 1876ல் தொடங்கிய அமைப்பு அது. உள்ளே ஆய்வுக்கூடமும் கருவிகளும் இருந்தன, பயன்படுத்தத்தான் ஆள் இல்லை. இறங்கிப் போய்க் கேட்டார், அனுமதி கிடைத்தது. அன்றுமுதல் விடியற்காலையில் ஆய்வுக்கூடம், பகலில் அலுவலகம், மாலையில் மறுபடியும் ஆய்வுக்கூடம். இடையில் ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றினார்கள். திரும்பக் கல்கத்தாவுக்கு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் அதிகமாக ஆராய்ந்தது ஒளியை அல்ல, ஒலியை. வீணை, வயலின், மிருதங்கம், தபலா. தோலை இழுத்துக் கட்டிய சாதாரண மேளத்தை அடித்தால் சுருதி நிற்காது. மிருதங்கத்தில் மட்டும் எப்படி நிற்கிறது? நடுவில் பூசும் அந்தக் கறுப்புச் சாதம்தான் காரணம். அது தோலின் எடையை மாற்றி, மேற்சுரங்களை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று அவர் காட்டினார். மேற்சுரம் என்றால், அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து அதைவிட உயரத்தில் ஒலிக்கும் அதிர்வுகள். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1917ல் கல்கத்தா பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. சம்பளம் கணிசமாகக் குறையும். போய்விட்டார்.

நடுக்கடலில் ஒரு சோதனை

1921ல் ஆக்ஸ்ஃபர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்காக முதன்முறையாகக் கடல் கடந்தார். வயது 32. திரும்பி வந்தது நார்குண்டா என்ற கப்பலில். மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்தவருக்கு ரேலியின் விளக்கம் ஒட்டவில்லை. இவ்வளவு அடர்த்தியான நீலம் வெறும் பிம்பமாக எப்படி இருக்க முடியும்?

அதைச் சோதிக்க அவரிடம் இருந்தது சட்டைப் பைக்குள் அடங்கும் ஒரு படிகத் துண்டு, நிக்கோல் பட்டகம். அது என்ன செய்யும்? மீன் பிடிப்பவர்கள் போட்டுக்கொள்ளும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போட்டால் தண்ணீர்மேல் அடிக்கும் பளபளப்பு மறைந்து உள்ளே இருக்கும் மீன் தெரியும். ஏனென்றால் நீர்ப்பரப்பில் பட்டு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் திரும்பும் ஒளி ஒரே திசையில் அதிரும். அந்தத் திசையை மட்டும் அடைத்துவிட்டால் பிரதிபலிப்பு காணாமல் போகும். நிக்கோல் பட்டகமும் அதையேதான் செய்யும்.

இப்போது யோசியுங்கள். ரேலி சொன்னது சரி என்றால், பிரதிபலிப்பை அடைத்ததும் கடலின் நீலமும் போய்விட வேண்டும்.

போகவில்லை. இன்னும் அழகான நீலமாகத் தெரிந்தது.

அப்படியானால் நீலம் தண்ணீருக்குள்ளேயே இருந்து வருகிறது. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடிப்பதால்தான் வானம் நீலம், அதில் நீல ஒளிதான் அதிகம் சிதறும். தண்ணீரின் மூலக்கூறுகளும் அதே வேலையைச் செய்கின்றன என்பது ராமனின் முடிவு. நேச்சர் சஞ்சிகைக்குக் கடிதம் எழுதினார், அந்த ஆண்டு நவம்பரில் அது வெளியானது. ரேலி அப்போது உயிரோடு இல்லை, 1919லேயே இறந்துவிட்டார். ஆனாலும், ஆட்சி செய்யும் நாட்டின் பெரிய இயற்பியலாளர் சொன்னது தவறு என்று ஆளப்படும் நாட்டிலிருந்து ஒருவர் எழுதியது சின்ன விஷயம் இல்லை.

பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்தியிருப்பார்கள். ராமனுக்கோ இது தொடக்கம்.

ஏழு ஆண்டுத் தேடல்

கல்கத்தா திரும்பியதும் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு தண்ணீர், பனிக்கட்டி, விதவிதமான திரவங்கள் எல்லாவற்றிலும் ஒளி எப்படிச் சிதறுகிறது என்று பார்க்கத் தொடங்கினார். 1923ல் அவருடைய மாணவர் கே.ஆர்.ராமநாதன் ஒரு விநோதத்தைக் கவனித்தார். சிதறிய ஒளியில் மிக மங்கலாக, உள்ளே அனுப்பாத நிறம் ஒன்றும் கலந்திருந்தது. திரவத்தில் அழுக்கு இருக்குமோ? திரும்பத் திரும்பச் சுத்தம் செய்தார்கள். போகவே இல்லை.

1928 தொடக்கத்தில் கே.எஸ்.கிருஷ்ணன் அந்தச் சோதனையில் இறங்கினார். வத்திராயிருப்பில் பிறந்தவர், ராமனைவிட 10 வயது இளையவர். சோதனை கேட்க எளிது. சூரிய ஒளியை ஊதா வடிகட்டி வழியாகத் திரவத்துக்குள் அனுப்ப வேண்டும். பக்கவாட்டில் பார்க்கும்போது, ஊதாவை விடாமல் பச்சையை மட்டும் விடும் இன்னொரு வடிகட்டியைக் கண்ணுக்கு முன்னால் வைக்க வேண்டும். உள்ளே போனது ஊதா மட்டும் என்பதால் இருட்டுதான் தெரிய வேண்டும். தெரிந்ததோ மங்கலான வெளிச்சம்! ஒன்றிரண்டு இல்லை, ஏறக்குறைய 60 திரவங்களில் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் அப்படியே.

பிப்ரவரி 28ஆம் தேதி நிறமாலை காட்டும் கருவி வழியாகப் பார்த்தபோது சந்தேகம் தீர்ந்தது. ஒளியின் நிறம் உண்மையாகவே மாறியிருந்தது.

எப்படி மாறும்? ஸ்பிரிங் வைத்த கதவின்மேல் பந்து எறிகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் பந்து போன வேகத்திலேயே திரும்பும். எப்போதாவது ஒருமுறை கதவு ஆட ஆரம்பிக்கும், அந்த ஆட்டத்துக்குப் போன சக்தி பந்தில் குறையும். ஒளியும் அப்படித்தான். மூலக்கூறைக் கொஞ்சம் ஆட்டிவிட்டுத் தன் சக்தியில் ஒரு பங்கை இழந்து வெளியே வருகிறது. சக்தி குறைந்தால் நிறம் சிவப்புப் பக்கம் நகரும். கோடிக்கணக்கான ஒளித்துகள்களில் ஒன்றிரண்டுக்குத்தான் இப்படி நடக்கும், அதனால்தான் அவ்வளவு மங்கல். ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் ஆடும் விதம் தனி. ஆகவே நிறம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் அது எந்தப் பொருள் என்று கண்டுபிடித்துவிடலாம். கைரேகை மாதிரி.

இதுதான் ராமன் விளைவு. 1930ல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு. அறிவியலில் அந்தப் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவர். பரிசு நிச்சயம் என்று அவ்வளவு நம்பிக்கை, அறிவிப்பு வருவதற்கு முன்பே ஐரோப்பாவுக்குக் கப்பலில் இடம் பதிவு செய்துவிட்டார்!

பெருமைக்குப் பக்கத்தில் இருப்பவை

பள்ளிப் பாடம் பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும். ஆனால் உங்களுக்கு மற்றதும் தெரிய வேண்டும்.

அதே வாரங்களில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டெல்ஸ்டாம் என்ற இருவரும் படிகத்தில் இதே விளைவைப் பார்த்திருந்தார்கள். அவர்களுக்குப் பரிசு இல்லை. நேச்சரில் ராமனோடு சேர்ந்து கையெழுத்திட்ட கிருஷ்ணனுக்கும் இல்லை. கேள்வி ராமனுடையது, ஏழு ஆண்டு விடாப்பிடியும் ராமனுடையது. ஆனால் பிப்ரவரி முழுக்கக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்த கண்களில் கிருஷ்ணனின் கண்களும் உண்டு. அவர் பின்னாளில் டெல்லியின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்கு முதல் இயக்குநர் ஆனார். அவருடைய பெயர் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லப்பட வேண்டிய பெயர்.

இன்னொன்று. 1933ல் ராமன் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் ஆனார். அந்த ஆண்டு பம்பாய் பல்கலைக்கழகத்தில் முதலிடம் பெற்ற கமலா என்ற மாணவி, பின்னாளில் கமலா சோஹோனி என்று அறியப்பட்டவர், அங்கே சேர விண்ணப்பித்தார். பெண் என்பதால் ராமன் மறுத்துவிட்டார். கமலா நேரில் போய் விடாமல் கேட்டார். கடைசியில் ஓராண்டு சோதனைக் காலம் என்று நிபந்தனை போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். அவருடைய வேலையைப் பார்த்த பிறகுதான் ராமனின் மனம் மாறியது. லார்டு ரேலி சொன்னதையே சோதித்துப் பார்த்தவர், இந்த விஷயத்தில் ஊர் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார். கமலா 1939ல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.

ராமன் பிறகு பெங்களூரில் தன் பெயரிலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்து, வைரம், பூக்களின் நிறம், கண்பார்வை என்று கடைசிவரை ஆராய்ந்துகொண்டே இருந்தார். 1970 நவம்பர் 21ஆம் தேதி 82 வயதில் காலமானார்.

அப்போ கடல் நீலத்துக்கு அவர் சொன்னதுதான் பதிலா?

முழுப் பதில் இல்லை. பிரதிபலிப்பு மட்டும் காரணம் இல்லை, தண்ணீரே காரணம் என்பது சரி. ஆனால் ராமன் சிதறலுக்குத்தான் முதலிடம் கொடுத்தார். பின்னால் வந்த ஆய்வுகள் வேறொன்றை முன்னால் வைக்கின்றன. தண்ணீர் சிவப்பு ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடுகிறது. சிவப்பு கழிந்தால் மிஞ்சுவது நீலம். அதைச் சிதறல் மேலே திருப்பி அனுப்புகிறது. குவளையில் இருக்கும் தண்ணீருக்குப் பத்து சென்டிமீட்டர்தான் ஆழம், அதற்குள் உறிஞ்சுவது கண்ணுக்குத் தெரியாது. பல மீட்டர் ஆழம் வேண்டும்.

சரி, தண்ணீர் சிவப்பை ஏன் உறிஞ்சுகிறது? அதன் மூலக்கூறில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஓயாமல் அதிர்கின்றன. அந்த அதிர்வின் மேற்சுரங்கள் சிவப்பு ஒளியின் அதிர்வோடு பொருந்துகின்றன. ஆமாம், மிருதங்கத்தில் கேட்ட அதே மேற்சுரம்தான்! ஹைட்ரஜனுக்குப் பதிலாக அதைவிட எடை கூடிய டியூட்டீரியம் உள்ள கனநீரில் அதிர்வு மெதுவாகிவிடும், மேற்சுரங்கள் சிவப்பைத் தொடாது. அதனால் நீளமான குழாயில் ஊற்றிப் பார்த்தாலும் கனநீர் நிறமில்லாமல்தான் இருக்கும்.

மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியைத் தந்ததே ராமன் விளைவு. கப்பலில் தவறிய பாதி விடை, ஏழு ஆண்டு கழித்து அவர் கண்டுபிடித்த அந்த ஒளிக்குள்ளேயே இருந்தது. அதே முறையில் இன்று பொட்டலத்தைத் திறக்காமலே உள்ளே இருப்பது போதைப்பொருளா என்று சோதிக்கிறார்கள். 2021ல் செவ்வாய்க் கோளில் இறங்கிய பெர்சிவரன்ஸ் வாகனமும் ராமன் விளைவை வைத்தே அங்குள்ள பாறைகளைச் சோதிக்கிறது. நார்குண்டா பயணத்துக்குச் சரியாக 100 ஆண்டு கழித்து!

செவ்வாய்க்குப் போகாமலும் நீங்கள் ஒன்றைச் சோதிக்கலாம். கூரை போட்ட நீச்சல்குளத்துக்குப் போனால் ஆழமான பக்கத்தையும் ஆழமில்லாத பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மேலே வானம் இருக்காது, ஆனாலும் ஆழத்தில் நீலம் கூடித் தெரியும். குளத்தின் ஓடுகள் வெள்ளையாக இருக்க வேண்டும். நீல ஓடு போட்ட குளம் கணக்கில் சேராது.