உரையாடலாய் வாழ்ந்த அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ

நமது தோட்டத்து லயன்களில் சுவருக்கு இப்பால் அன்னை மரியாளின் படம். அப்பால் முருகப் பெருமானின் படம். மலையிறங்கினால் பௌத்த கிராமம். ஒரே குடும்பத்திலும் ஒருவர் ஆலயத்துக்கு வருவார், மற்றவர் வரமாட்டார். இவர்களிடம் நமது விசுவாசத்தைப் பற்றி எவ்வாறு பேசத் தொடங்குவது? பேசினால் மதம் மாற்ற வந்தவர் என்பார்களோ என்ற அச்சம் சிலருக்கு. பேசாதிருந்தால் கடமை தவறுகிறோமோ என்ற கலக்கம் சிலருக்கு. இதற்கு நமது ஊவா மண்ணிலேயே தம் வாழ்வால் விடை தந்தவர் அருட்தந்தை மைக்கல் ரொட்ரிகோ.

1927ஆம் ஆண்டு தெஹிவளையில் பிறந்த அவர், அமலமரித் தியாகிகள் சபையில் குருவானார். உரோமையிலும் பாரிசிலும் இரு கலாநிதிப் பட்டங்களைப் பெற்றதோடு, கண்டி அம்பிட்டிய தேசிய குருமடத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார். பௌத்தத்தையும் ஆழ்ந்து கற்றார். 1972இல் பதுளை மறைமாவட்டம் உதயமானது. அதன் முதல் ஆயர் லியோ நாணயக்கார ஆண்டகை, எளிய மக்களோடு வாழத் தெரிந்த குருக்களை உருவாக்கப் பண்டாரவளையில் 'சேவக செவன' என்ற பயிற்சி இல்லத்தை நிறுவினார். அங்கே கற்பிக்க வந்தார் மைக்கல் அடிகளார்.

1980இல் அவர் மேலும் ஓர் அடி வைத்தார். புத்தல பகுதியில், முற்றிலும் பௌத்தர்கள் வாழ்ந்த வறிய கிராமப்புறத்தில் எளிய குடிசையில் குடியேறினார். 'சுபசெத் கெதர' அதன் பெயர். நல்வாழ்த்து இல்லம் என்பது பொருள். ஊரார் முதலில் ஐயுற்றனர். அவர் போதிக்கவில்லை, கேட்டார். பிக்குகளோடு அமர்ந்தார், விவசாயிகளின் துயரங்களைச் செவிமடுத்தார், சிறுவர் கல்விக்கும் மூலிகை மருத்துவத்துக்கும் துணைநின்றார். அதேவேளை, தாம் கிறிஸ்துவின் குரு என்பதை மறைக்கவுமில்லை. அந்தக் குடிசையிலேயே திருப்பலி நிறைவேற்றினார். ஐயம் மெல்ல நட்பாயிற்று.

நிலம் இழந்த விவசாயிகளின் பக்கம் நின்றமை அவருக்கு ஆபத்தைத் தேடித் தந்தது. நாடெங்கும் வன்முறை மலிந்த காலம் அது. ஆபத்தை அறிந்தும் அவர் தம் மக்களை விட்டு அகலவில்லை. 1987 நவம்பர் 10ஆம் திகதி, அந்தக் குடிசையில் திருப்பலி வேளையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்பம் பிட்ட இடத்திலேயே அவரது இரத்தமும் சிந்தப்பட்டது.

அன்பர்களே, சமாரியப் பெண்ணிடம் நம் ஆண்டவர் முதலில் போதனை செய்யவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். தேவையுள்ளவராகத் தம்மைத் தாழ்த்தியே உரையாடலைத் தொடங்கினார். மைக்கல் அடிகளாரும் ஆசிரியராக அன்றி மாணவராகவே கிராமத்துக்குள் சென்றார்.

நாமும் அவ்வாறே தொடங்கலாம். அயல்வீட்டில் நோயுற்றவரைச் சென்று பார்ப்போம். அவர்கள் எதை நம்பி வாழ்கிறார்கள் என்று மரியாதையோடு கேட்போம். ஆலயத்தை விட்டு விலகிய மகனைக் கடிந்துகொள்ளாமல், அவன் மனத்தாங்கலை முழுமையாகச் சொல்லவிடுவோம். பிரட்டுக்களத்தில் தோழி ஒருத்தி, தவக்காலத்தில் ஏன் ஒருசந்தி இருக்கிறாய் என்று கேட்டால், நாணமின்றி, நீட்டாமல் உண்மையைச் சொல்வோம். ஏற்பதும் மறுப்பதும் அவர்களது உரிமை. அவர்கள் மறுத்தாலும் நட்பு குறையாதிருப்பதே நமது சாட்சியத்தின் உரைகல்.

கேட்கும் செவியையும் அஞ்சாத நாவையும் இறைவன் நமக்கு அருள்வாராக.