முதியோர் மருத்துவத்தின் அன்னை

விலங்கியல் மாணவன் நான். மருத்துவம் என் துறை அன்று. ஆயினும், வகைப்படுத்தல் என்னும் எங்கள் பழைய கருவியைக் கொண்டே பல நூறு முதியோருக்கு மறுவாழ்வு தந்த ஓர் அம்மையாரின் வரலாற்றைத் தமிழ் மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மார்ஜரி வாரன் 1897-இல் லண்டனில் பிறந்தார். 1923-இல் மருத்துவரானார். 1926-இல், பின்னாளில் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை எனப் பெயர் பெற்ற நிலையத்தில் பணியேற்றார். அறுவை மருத்துவமே அவர் உள்ளம் கவர்ந்த துறை. ஆனால் 1935-இல் அருகிருந்த ஏழையர் விடுதியின் நோயாளர் பகுதி அம்மருத்துவமனையோடு இணைந்தது. 714 நெடுநாள் நோயாளிகள் அவர் பொறுப்பில் வந்தனர்.

என்ன நோய் என்று சரிவர ஆராயப்படாமலேயே, முதுமை என்ற ஒரே சொல்லால் பலர் படுக்கையில் ஒதுக்கப்பட்டிருந்தனர். அசையாத உடலில் தசை மெலியும்; மூட்டுகள் மடங்கி இறுகும்; படுக்கைப் புண் தோன்றும். பிறகு அந்தக் கேட்டையும் முதுமையின் கணக்கிலேயே எழுதிவிடுவார்கள்!

வாரன் அம்மையார் ஒவ்வொருவரையும் சோதித்தார். எழுந்து நடமாடுவோர், படுக்கையிலிருந்தும் மலசலம் அடக்க வல்லோர், அடக்க இயலாதோர், மனந்தடுமாறினும் அமைதியாயிருப்போர், பிறர்க்கு இடையூறு செய்யும் அளவு மனம் குலைந்தோர் என ஐந்து வகையாகப் பிரித்தார். கூடங்களுக்கு வண்ணம் பூசுவித்தார், விளக்கொளி பெருக்கினார். பக்கவாதத்தால் வீழ்ந்தோரை எழுப்பி உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பழக்கினார். பலர் வீடு திரும்பினர். மருத்துவம் தேவைப்படாதோர் முதியோர் இல்லங்களுக்குச் சென்றனர். படுக்கைகளின் தேவை மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்தது.

இவ்வளவோடு அவர் நின்றிருந்தால் அது ஒரு மருத்துவமனையின் சிறப்பாக மட்டுமே முடிந்திருக்கும். 1943-இலும் 1946-இலும் மருத்துவ ஏடுகளில் அவர் எழுதிய கட்டுரைகள் அதனை ஒரு துறையாக்கின. முதிய நோயாளிகளுக்குப் பொது மருத்துவமனையிலேயே தனிப்பகுதி வேண்டும். மருத்துவ மாணவரும் செவிலியரும் அங்கே பயில வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். காரணம் தெளிவு. முதியவரின் படுக்கையருகே நின்று பயிலாதவன், பின்னாளில் அவரை நோயாளியாகக் காணான். இடத்தை அடைத்துக் கிடப்பவராகவே காண்பான்.

1947-இல் முதியோர் பராமரிப்புக்கென மருத்துவர் சங்கம் ஒன்று தோன்றியபோது, அதைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். 1960-இல் ஐரோப்பியப் பயணத்தில் நேர்ந்த கார் விபத்து அவர் உயிரைக் கவர்ந்தது.

நண்பர்களே! படிப்பை நாடி நாம் இவ்வளவு தொலைவு வந்துவிட்டோம். ஊரில் பாட்டிக்கு முழங்கால் வலி என்று தொலைபேசியில் கேட்டால், வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்கிறோம். அந்த விடையைத்தான் அம்மையார் ஏற்க மறுத்தார். இனி நாமும் அதைச் சொல்லுமுன், மருத்துவர் ஒருமுறை பார்த்தாரா என்று கேட்போமாக.