கூம்புக்குழல் கண்ட போஸ்

பன்வில மலைச்சரிவின் லயக் கூரைகளில் வானை நோக்கி நிற்கும் டிஷ் அன்டெனாக்களைக் காணாதார் இலர். அவற்றின் முன்னே அலையை வாங்க அமைந்த சிறு கூம்புக்குழலை அன்றே தம் முயற்சியால் ஆக்கிய முன்னோடியை அறிந்தார் சிலரே. அவர் வங்கம் ஈன்ற ஜகதீஷ் சந்திர போஸ்.

1858 நவம்பர் 30ஆம் நாள் பிறந்த போஸ், இங்கிலாந்தில் கற்றுத் திரும்பி, 1885இல் கல்கத்தா பிரசிடென்சிக் கல்லூரியில் ஆசிரியரானார். வெள்ளையர் பெற்ற ஊதியத்தினும் குறைந்ததே இந்தியர்க்கு என்றது அரசு. போஸ் பணியை விட்டிலர். ஊதியத்தைத் தொடாமலே மூன்றாண்டு பாடம் நடத்தினார். தந்தையாரின் கடனோ குடும்பத்தை அழுத்திற்று. ஆசிரியத் தொழிலினர்க்கு அந்நோன்பின் கடுமை விளங்கும். இறுதியில் அரசே இணங்கி நிலுவை முழுவதையும் அளித்தது.

தக்க ஆய்வுக்கூடமும் அவருக்கு வாய்க்கவில்லை. சிற்றறை ஒன்றில், பயிற்சியற்ற தகரத் தொழிலாளி ஒருவரைத் துணைகொண்டு கருவிகளைச் சமைத்தார். முறுக்கிய சணலும், ஏடுகளிடையே தகரத்தாள் செருகிய நூலொன்றுங்கூட மின்காந்த அலையை ஆராயுங் கருவிகளாயின. 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் அவர் விடுத்த அலை சுவரை ஊடுருவிச் சென்று மணியை ஒலிப்பித்தது, வெடிமருந்தைக் கொளுத்திற்று. ஐந்து மில்லிமீட்டர் நீளமே உள்ள நுண்ணலைகளையும் ஆண்ட அவர், அவை சிதறாது திரள வாயகன்ற உலோகக் கூம்புக்குழலை அமைத்தார். 1897இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் தம் கருவிகளை ஒளிவின்றிக் காட்டினார். நண்பர் வற்புறுத்தலால் 1904இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை ஒன்றையும் காலாவதியாக விட்டுவிட்டார்.

பின்னர்ச் செடிகொடிகளின் உணர்வை ஆராய்வதிலேயே அவர் உள்ளம் சென்றது. 1937 நவம்பர் 23ஆம் நாள் கிரிதியில் மறைந்தார்.