சோழவரம் ரன்வே முதல் பிரான்ஸ் வரை... மாருதி 800 இன்ஜினில் ரேஸ் கார் செய்த கோவை கரிவரதன் யார்?

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1. சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் சீறிப் பாய்ந்த வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். கார் ரேஸ் என்பது அன்றைக்குத்தான் சென்னைக்குள் வந்தது என்று நினைத்தால், அது சரியில்லை. அதே தீவுத்திடலிலிருந்து கொஞ்சம் வடக்கே போனால் யானைக்கவுனி. அதைத் தாண்டி வடக்கே போகும் ரோட்டின் முனையில் பல பத்தாண்டுகள் ரேஸ் நடந்திருக்கிறது.

அந்த இடத்தின் பெயர் சோழவரம். அங்கே வந்து ஓட்டியவர்களில் ஒருவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். ரேஸ் உலகத்துக்கு 'கரி'. இந்தியாவில் இன்று ஒரு பையனோ பொண்ணோ ரேஸ் டிரைவர் ஆக ஆசைப்பட முடிகிறது என்றால், அதற்கான கதவை முதலில் கொஞ்சம் திறந்து வைத்தவர் இவர்தான்.

யானைக்கவுனி தாண்டினால் ரேஸ் ரோடு

பழைய மதராஸின் நகரச் சுவரில் இருந்த வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. கவுனி என்றால் வாசல். சென்ட்ரல் பக்கமிருந்து இதைக் கடந்து பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, மூலக்கடை, மாதவரம், புழல், செங்குன்றம் என்று போனால் சோழவரம் வரும். 20 கிலோமீட்டருக்கும் மேல்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் அங்கே ஒரு விமான ஓடுதளம் இருந்தது. போர் முடிந்தது, விமானங்கள் போயின, கான்கிரீட் தளம் மட்டும் மிஞ்சியது. அகலமான, சமதளமான, பக்கத்தில் வீடு வாசல் இல்லாத இடம். ரேஸ் ஓட்ட இதைவிட வேறென்ன வேணும்? இங்கிலாந்தில் இன்று ஃபார்முலா 1 நடக்கும் சில்வர்ஸ்டோன்கூட இப்படி ஒரு போர்க்கால விமானத்தளத்தில் பிறந்ததுதான்.

1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவானது. நிறுவியவர்களில் ஒருவர் இந்து சந்தோக். இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பவும் வரும். கிளப்பின் முயற்சியில் சோழவரம், நாட்டின் முக்கியமான ரேஸ் களங்களில் ஒன்றானது. பம்பாய், கல்கத்தா, பெங்களூர், கோவை என்று எல்லா ஊர்க்காரர்களும் வந்தார்கள். அன்றாடம் ஓட்டும் ஃபியட், ஹெரால்டு மாதிரியான கார்களையே தயார்செய்து ஓட்டியவர்களும் உண்டு, வெளிநாட்டு ரேஸ் கார்களோடு வந்தவர்களும் உண்டு.

சொந்தக் காரில் போய், அதிலேயே ரேஸ்

சொந்தக் காரை ரோட்டில் ஓட்டிக்கொண்டே ரேஸுக்குப் போவது ஒரு காலத்தில் உலகம் முழுக்க இருந்த வழக்கம். இதற்கு ரொம்ப பிரபலமான உதாரணம் ஜான் டஃப். 1923-ல் பிரான்ஸின் லெ மான் நகரில் முதல் 24 மணி நேர ரேஸ் நடந்தபோது, லண்டனிலிருந்து பென்ட்லி காரை எடுத்துக்கொண்டு, ஆங்கிலக் கால்வாயைக் கப்பலில் கடந்து, பிரெஞ்சு ரோடுகளில் ஓட்டிக்கொண்டே அங்கே போய்ச் சேர்ந்தார். அதே காரில்தான் ரேஸும்.

அந்தக் காருக்குப் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக். நடுவில் கல் பட்டு பெட்ரோல் டேங்க் ஓட்டையாகி வண்டி நின்றது. கூட ஓட்டிய ஃபிராங்க் கிளெமென்ட் ஒரு சைக்கிளை வாங்கிக்கொண்டு பெட்ரோலோடு போய் அதைச் சரிசெய்தார். அப்படியும் நான்காம் இடம். அடுத்த வருஷம், 1924-ல், இதே ஜோடி லெ மானை ஜெயித்தது.

இன்றும் ஜூன் மாதம் வந்தால், ஆயிரக்கணக்கான பிரிட்டிஷ் ரசிகர்கள் கப்பலில் கால்வாயைக் கடந்து, தங்கள் காரிலேயே லெ மானுக்குப் போகிறார்கள். ஆனா ஓட்டுகிறவர்கள் யாரும் அப்படிப் போவதில்லை. ரேஸ் கார் தனி, ரோட்டுக் கார் தனி என்று ஆகிவிட்டது. அப்படி ஆனதும் விலையும் எகிறியது. இந்தியாவில் இந்த இடைவெளி இன்னும் பெரிசு.

மில் குடும்பத்துப் பிள்ளை

கரிவரதன் பிறந்தது 1954-ல், கோவையில். 1910-ல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்ஸ் குடும்பம். யானைக்கு வரம் கொடுத்த பெருமாளின் பெயர்தான் கரிவரதன்; கரி என்றால் யானை. கொங்கு நாட்டில் இந்தப் பெயரில் கோயில்களே உண்டு.

கோவையில் பஞ்சாலைகளோடு சேர்ந்து வளர்ந்தவை பட்டறைகள். மில்லுக்கு உதிரி பாகம், விவசாயத்துக்கு பம்ப் மோட்டார் என்று எதைக் கேட்டாலும் இங்கேயே கடைந்து, வார்த்து, பொருத்திக் கொடுக்கும் ஊர். வெளிநாட்டிலிருந்து வராத பொருளை நாமே செய்துவிடலாம் என்ற தைரியம் அந்த ஊர்க்காற்றிலேயே இருந்தது. கரி அந்தக் காற்றில் வளர்ந்தவர். கார் ஓட்டும் ஆசையும், காரைக் கட்டும் ஆசையும் சேர்ந்தே வந்தன. சோழவரத்தில் ஓட்டிப் பெயர் வாங்கினார்.

காசு இருந்தால்தான் ஓட்டம்

அப்போது இந்தியாவில் லைசென்ஸ் ராஜ்ஜியம். சாதாரண கார் வாங்கவே புக் பண்ணிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கணும். வெளிநாட்டு ரேஸ் கார் என்றால் இறக்குமதி அனுமதி, பெரிய வரி, அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு என்று மூன்று மதில்கள். தாண்டியவர்கள் கையளவுதான். கோண்டல் அரச குடும்பத்தவர் ஓட்டினார். தொழிலதிபர் விஜய் மல்லையா, என்சைன் என்ற ஃபார்முலா 1 காரையே சோழவரத்தில் ஓட்டினார்.

ரசிகர்களுக்கு இது செம காட்சி. ஆனா போட்டி என்று பார்த்தால் சிக்கல். ஒருத்தரிடம் ஃபார்முலா கார், இன்னொருத்தரிடம் மாற்றியமைத்த ஃபியட். ஜெயிப்பது டிரைவரா, அவருடைய காசா என்று எப்படிச் சொல்வது? திறமை இருந்தும் கார் இல்லாத பையன் எங்கே போவான்?

கரியும் வசதியான வீட்டுப் பிள்ளைதான். தனக்கு மட்டும் ஒரு வேகமான கார் போதும் என்று அவர் நின்றிருக்கலாம். அவர் கவலைப்பட்டதோ அடுத்தவரிடம் கார் இல்லையே என்று.

மாருதி 800 கொடுத்த விடை

1983 டிசம்பரில் மாருதி 800 ரோட்டுக்கு வந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின். 40 குதிரைத்திறனுக்கு உள்ளேதான். ரேஸ்காரர்கள் சிரித்துவிட்டுப் போகிற நம்பர். ஆனா அந்த இன்ஜினில் வேறு சில நல்ல விஷயங்கள் இருந்தன.

ஒன்று, எடை குறைவு. இரண்டு, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே தொகுப்பாக முன்சக்கரங்களைச் சுழற்றும் அமைப்பு. அந்தத் தொகுப்பை அப்படியே எடுத்து டிரைவருக்குப் பின்னால் வைத்தால், அது பின்சக்கரங்களைச் சுழற்றும். ஃபார்முலா கார்களின் அடிப்படை அமைப்பும் இதுதான்: முன்னால் டிரைவர், முதுகுக்குப் பின்னால் இன்ஜின். மூன்று, ஸ்பேர் பார்ட்ஸ் எல்லா ஊரிலும் கிடைக்கும். உள்ளூர் மெக்கானிக்குக்கே அதைப் பிரித்து மாட்டத் தெரியும்.

இரும்புக் குழாய்களை வெல்டு செய்து சட்டம், அதன்மேல் ஃபைபர் உடல், ஒரே ஒரு சீட், மறைப்பில்லாத நான்கு சக்கரங்கள், பின்னால் மாருதி இன்ஜின். 1988-ல் இந்தக் கார் களத்துக்கு வந்தது. முழுப் பெயர் ஃபார்முலா இந்தியா சிங்கிள் சீட்டர் மாருதி இன்ஜின். சுருக்கமாக ஃபிஸ்மி. ஊர் வைத்த பெயர் ஃபார்முலா மாருதி.

எல்லோருக்கும் ஒரே வகை கார், ஒரே இன்ஜின். அப்போ வித்தியாசம் எங்கே தெரியும்? வளைவில் எப்போது பிரேக் பிடிக்கிறார், எந்தக் கோட்டில் திரும்புகிறார், எதிராளியின் காற்று மறைவில் எவ்வளவு நேரம் பதுங்கி முந்துகிறார் என்பதில்தான். குறைந்த சக்தி உள்ள காரில் ஒரு முறை வேகத்தை விட்டுவிட்டால் திரும்பப் பிடிப்பது கஷ்டம். அதனால் தப்பு செய்யாமல் ஓட்டக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது.

கிட்டத்தட்ட அதே நேரத்தில் களமும் மாறியது. சோழவரம் ஓடுதளத்துக்குப் பதிலாக, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்த ரேஸ் டிராக் 1990-ல் திறந்தது. சரியான டிராக்கும் கட்டுப்படியாகும் காரும் ஒரே சமயத்தில் கிடைத்ததால், புதிய தலைமுறைக்கு ஒரு முதல் படி உருவானது.

கோவையிலிருந்து பிரான்ஸுக்கு

அந்தப் படியில் ஏறியவர்களில் முக்கியமானவர் நரேன் கார்த்திகேயன். அவருடைய அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் பெயர் பெற்ற ராலி வீரர். கரி அவர்களுக்கு நெருக்கமான வழிகாட்டி. நரேன் ஓட்டிய முதல் ரேஸே ஃபார்முலா மாருதிதான். ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் அந்த முதல் ரேஸிலேயே மேடை ஏறினார்.

அங்கிருந்து நேராக பிரான்ஸ். எல்ஃப் வின்ஃபீல்டு ரேஸ் பள்ளியில் சேர்ந்து, 1992-ல் அங்கே நடந்த ஃபார்முலா ரெனோ தேர்வுப் போட்டியில் அரையிறுதி வரை போனார். அப்போது வயது 15. திரும்பி வந்து 1993-ல் மறுபடியும் ஃபார்முலா மாருதி. 1994-ல் பிரிட்டிஷ் ஃபார்முலா ஃபோர்டு குளிர்காலத் தொடரை வென்று, ஐரோப்பாவில் சாம்பியன் பட்டம் வாங்கிய முதல் இந்தியரானார்.

கரி பார்த்தது அதுவரைதான். 1995-ல் ஒரு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். வயது 41.

அவர் பார்க்காமல் போனவை

பத்து வருஷம் கழித்து, 2005-ல், ஜோர்டன் அணிக்காக நரேன் ஃபார்முலா 1-க்குள் நுழைந்தார். இந்தியாவிலிருந்து முதல் ஆள். அதே வருஷம் அமெரிக்காவில் நான்காம் இடம், 5 புள்ளிகள். நடிகர் அஜித்குமாரும் ஃபார்முலா மாருதி ஓட்டியவர்தான். ஜான் டஃப் காரோட்டிப் போன லெ மானில் 2012-ல் கருண் சந்தோக் ஓட்டி, அந்த ரேஸில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். மெட்ராஸ் கிளப்பை நிறுவியவர்களில் ஒருவரான அதே இந்து சந்தோக்கின் பேரன் அவர்.

கோவை செட்டிபாளையத்தில், தொழிலதிபர் பி. விஜயகுமாரின் முயற்சியில் 2000-களின் தொடக்கத்தில் உருவான டிராக்குக்கு 'கரி மோட்டார் ஸ்பீடுவே' என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் புதுசாக ஃபார்முலா கார் ஓட்டக் கற்கும் பலர் முதலில் போய் நிற்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஏன் இவர் முக்கியம்?

ஒரு உண்மையைச் சொல்லியாகணும். கரியின் கார் செலவைக் குறைத்தது, ஒழிக்கவில்லை. அதில் ஏறி வெளிநாடு வரை போனவர்கள் பெரும்பாலும் வசதியும் குடும்ப ஆதரவும் உள்ளவர்கள். வியாசர்பாடியிலோ ராயபுரத்திலோ பட்டறையில் இன்ஜின் பிரிக்கும் ஒரு பையனுக்கு டயர், நுழைவுக் கட்டணம், பயணச் செலவு எல்லாம் இன்னும் எட்டாத உயரம்தான்.

ஆனாலும் கரி காட்டிய வழிமுறை பழசாகவில்லை. ஊரில் கிடைக்கும் இன்ஜினை எடு, எல்லோருக்கும் ஒரே காரைக் கொடு, ஸ்பேர் பார்ட்ஸ் பக்கத்துக் கடையில் கிடைக்கிற மாதிரி பார்த்துக்கொள். ஃபார்முலா மாருதிக்குப் பிறகு இந்தியாவில் வந்த எல்ஜிபி ஃபார்முலா கார்களும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. தீவுத்திடலில் வெளிச்சம் போட்டு நடத்திய ரேஸ் நகரத்துக்குப் பெருமை. அங்கே ஓட்டுகிறவர்கள் எந்தெந்த வீடுகளிலிருந்து வரப்போகிறார்கள் என்பதை முடிவுசெய்யப்போவது, முதல் படியில் நிற்கும் காரின் விலைதான். அந்த விலையை ஒருமுறை குறைத்துக் காட்டியவர் கரிவரதன்.