ஆர்ஸ் ஊர்க் கோவிலும் அதன் பங்குச்சுவாமியாரும்

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஆர்ஸ். ஆர்ஸ் நகர் என்று சிலர் எழுதுவதுண்டு. உண்மையில் அது சிற்றூர்தான். 1818ஆம் ஆண்டில் அங்கு வாழ்ந்தோர் சுமார் 230 பேரே. மண்சுவர் வீடுகள், நான்கு மதுக்கடைகள், சின்னஞ்சிறு கோவில் ஒன்று, அவ்வளவுதான் ஊர். பிரெஞ்சுப் புரட்சியின்போது அக்கோவிலின் மணிக்கூண்டை இடித்துவிட்டார்கள். அவ்வாண்டு பிப்ரவரியில் இங்குப் பங்குச்சுவாமியாராக நடந்தே வந்து சேர்ந்தவர்தாம் புனித ஜான் மரிய வியான்னி.

இவர் 1786 மே 8ஆம் நாள் தர்தில்லி என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். குருக்கள் ஒளிந்து வாழ்ந்து திருப்பலி நிறைவேற்றிய காலம் அது. 1799இல் இவர் புதுநன்மை வாங்கியபோது, உள்ளே எரியும் மெழுகுதிரி வெளியே தெரியாதபடி சன்னல்களை அடைத்து, அவற்றின்முன் வைக்கோல் வண்டிகளை நிறுத்தி வைத்திருந்தனராம். இருபது வயதை எட்டிய பிறகே இலத்தீன் படிக்க அமர்ந்தார். படிப்பு ஏறவில்லை, தேர்விலும் தவறினார். எக்குல்லி ஊர்ப் பங்குக்குரு பாலே சுவாமியின் பொறுமையால்தான் 1815 ஆகஸ்ட் 13ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். அரசுப் பொதுத்தேர்வை எதிர்நோக்கியிருக்கும் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நமக்கு இச்செய்தி மிகவும் ஆறுதலானது!

வழி காட்டிய ஆட்டிடைச் சிறுவனின் கதை யாவரும் அறிந்ததே. ஊருக்குள் வந்த பிறகு சுவாமியார் என்ன செய்தார் என்பதுதான் நமக்கு முக்கியம். மணிக்கூண்டை மீண்டும் எழுப்பினார். கோவிலின் பக்கங்களில் சிற்றாலயங்களைச் சேர்த்தார். தமக்கோ அவித்த உருளைக்கிழங்கே போதும் என்றிருந்தார். ஞாயிறன்று வயல் வேலை செய்வதையும் குடியையும் நடனத்தையும் கடுமையாகக் கண்டித்தார். நடனத்தின்மேல் அவருக்கிருந்த கோபம் நமக்குச் சற்று மிகையாகத் தோன்றலாம். எனினும் மதுக்கடைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டபோது அவ்வூர்த் தாய்மார்கள் மகிழ்ந்திருப்பார்கள் என்றே எண்ணுகிறோம்.

பெண்பிள்ளைகளுக்காக அவர் தொடங்கிய பள்ளியைப் பற்றிப் பலர் அறியார். ஊரின் இளம்பெண்கள் இருவரை ஃபரேன்ஸ் ஊர்க் கன்னியரிடம் அனுப்பிப் படிக்க வைத்தார். அவர்களுள் ஒருவர் கத்தரீன் லசாஞ். 1824இல் கோவிலருகே ஒரு வீட்டை வாங்கி, இவர்களையே ஆசிரியைகளாக்கி இலவசப் பள்ளி திறந்தார். அதற்குப் பராமரிப்பு இல்லம் என்று பொருள்படப் பெயரிட்டார். பின்னர் அநாதைச் சிறுமியரும் அங்கேயே தங்கினர். எழுத்து, வாசிப்பு, தையல், பின்னல், துணி வெளுத்தல், ரொட்டி சுடுதல் எல்லாம் கற்றனர். நண்பகலில் சுவாமியாரே வந்து ஞானோபதேசம் சொல்லித் தந்தார்.

ஆனால் ஆசிரியைகள் முறையான பயிற்சி பெற்றவர்கள் அல்லர், இல்லத்தில் ஒழுங்கு போதாது என்று குறை எழுந்தது. 1848இல் பள்ளி பூர் நகரத்துப் புனித சூசையப்பர் சபைக் கன்னியரிடம் ஒப்படைக்கப்பட்டது. அநாதைகள் தங்கும் இல்லம் நின்றுபோனது. பயிற்சி பெற்ற கன்னியர் வந்தது நல்லதே. ஆயினும் போக்கிடமற்ற சிறுமியரை நினைத்தால் நமக்கு மனம் கனக்கிறது. சுவாமியாரும் மிகவும் வருந்தினார். என்றாலும் ஆயரின் விருப்பத்துக்குப் பணிந்தார்.

அதற்குள் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வரத் தொடங்கியிருந்தனர். கோடையில் ஒரு நாளில் 15 மணி நேரத்துக்கு மேலும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்திருப்பார். ஆயர் 1852இல் அளித்த மதிப்புக்குரிய மேலாடையை 50 பிராங்குக்கு விற்று ஏழைகளுக்காகச் செலவிட்டார். தனிமையில் செபிக்க விரும்பி 1853இல் ஓர் இரவு ஊரை விட்டுப் புறப்பட்டார். செய்தி கசிந்ததும் அபாய மணி முழங்கியது. மக்கள் விளக்குகளோடு ஓடிவந்து வழிமறித்து, அவரைத் திரும்ப அழைத்து வந்தனர்.

நாற்பத்தோரு ஆண்டுகள் அவ்வொரே பங்கில் உழைத்து, 1859 ஆகஸ்ட் 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1925இல் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. பழைய கோவிலை இடிக்காமல் அதனோடு ஒட்டியே பெரிய பேராலயம் கட்டியிருக்கிறார்கள். கத்தரீன் 1883 வரை வாழ்ந்தார். சுவாமியாரின் வாழ்வைப் பற்றி அவர் தம் கையால் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்துதான், பிற்காலத்து வரலாற்று நூல்கள் பல செய்திகளை எடுத்துக்கொண்டன.