இரண்டு நிழல்களின் நடுவே: இரமாபாய் ரானடே அம்மையார்



நம் கோவில்பட்டிக்குக் கிழக்கே உள்ள எட்டயபுரத்தில் மகாகவி பாரதியார் பிறந்த இல்லத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அவருக்கு ஐந்து வயதாக இருந்தபோது, 1887ஆம் ஆண்டில், அவருடைய அன்னை இலட்சுமி அம்மாள் காலமானார். இரண்டாண்டுகளுக்குப் பின் தந்தை சின்னசாமி ஐயர், வள்ளியம்மாள் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். கவிஞரின் தாயையும் தந்தையையும் நாம் அறிவோம். அந்த வீட்டுக்குள் புதிதாகக் காலடி எடுத்து வைத்த வள்ளியம்மாளைப் பற்றி நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

இரண்டாந்தாரமாக ஒரு வீட்டில் நுழையும் பெண்ணின் நிலை எளிதானதன்று. அடுக்களையில் அவள் எடுக்கும் செம்பிலும் குடத்திலும் மூத்தாளின் பெயர் வெட்டியிருக்கும். பெட்டியில் மூத்தாளின் சேலை மடித்து வைத்திருக்கும். இறந்தவளுக்குச் சேலை வைத்துக் கும்பிடும் வழக்கமுள்ள குடும்பமானால், அந்நாளில் இவளும் அச்சேலையின் முன் விழுந்து வணங்க வேண்டும். உயிரோடிருப்பவரிடம் குறை காண்பார்கள். இறந்தவரிடம் யார் குறை காண்பார்கள்? அத்தகைய பெண்கள் தம் மனத்தில் இருந்ததை எழுதி வைத்தது மிக அரிது. அவ்வாறு எழுதி வைத்த ஒருவரைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறேன். அவர்தாம் புனே நகரத்து இரமாபாய் ரானடே அம்மையார்.

பிறப்பும் இளமையும்

நம் மண்ணைப் போலவே கரிசல் பரந்து கிடக்கும் நிலம் மராட்டியத்தின் தக்காணப் பகுதி. அங்கே அந்நாளைய சதாரா மாவட்டத்தைச் சேர்ந்த தேவராஷ்ட்ரே என்னும் சிற்றூரில், குர்லேகர் குடும்பத்தில் 1862ஆம் ஆண்டு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெற்றோர் அதற்கு யமுனா என்று பெயரிட்டனர். எழுதப் படிக்கக் கற்ற பெண் விரைவில் கணவனை இழப்பாள் என்று மக்கள் உறுதியாக நம்பிய காலம் அது. ஆகவே யமுனாவுக்கு யாரும் ஓர் எழுத்தும் கற்பிக்கவில்லை. பதினொரு வயதாயிற்று, பெண்ணுக்கு வரன் தேடித் தந்தை புனே நகரம் வந்தார்.

இருவரின் நிழல்

அதே வேளையில் புனேயில் ஒரு வீடு துக்கத்தில் ஆழ்ந்திருந்தது. நீதிபதியாகவும் அறிஞராகவும் நாடறிந்த மகாதேவ கோவிந்த ரானடேயின் மனைவி சக்குபாய், நோய்வாய்ப்பட்டு 1873ஆம் ஆண்டு அக்டோபரில் காலமானார். அப்போது ரானடேக்கு வயது 31. இளம்பருவத்திலிருந்தே தம்முடன் வாழ்ந்த மனைவியை இழந்த அவர் மறுமணத்தைப் பற்றிய பேச்சையே விரும்பவில்லை.

அவருடைய தந்தைக்கோ வேறொரு கவலை. கைம்பெண்கள் மறுமணம் செய்யலாம் என்று 1856ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் சமுதாயம் அதை ஏற்கவில்லை. ஏற்கச் செய்யப் பாடுபட்டவர்களில் ரானடே முன்னணியில் இருந்தார். அப்படிப்பட்டவர் இப்போது மனைவியை இழந்து நிற்கிறார். ஒரு கைம்பெண்ணையே மணந்துகொண்டால் குடும்ப மானம் என்னாவது என்று தந்தை அஞ்சினார். சிறுமி ஒருத்தியை உடனே மகனுக்கு மணம் முடித்துவிட வேண்டுமென்று துடித்தார்.

ரானடே வாதாடினார். அவருடைய தங்கை துர்க்காவும் கைம்பெண்ணாக அதே வீட்டில்தான் இருந்தாள். அந்த இளம் பெண்ணுக்கு மறுமணம் செய்ய நினைக்காத நீங்கள், முப்பதைத் தாண்டிய எனக்கு மட்டும் ஏன் அவசரப்படுகிறீர்கள் என்று தந்தையிடம் கேட்டார். அக்கேள்விக்கு நேர்மையான விடை இல்லை. மகன் இணங்காவிட்டால் உறவையே முறித்துக் கொள்வதாகத் தந்தை கூறினார். ஊரெல்லாம் சீர்திருத்தம் பேசிய ரானடே, தந்தையின் சொல்லுக்கு முன் தளர்ந்து போனார். சக்குபாய் இறந்து சில மாதங்கூட ஆகவில்லை. அந்த 1873ஆம் ஆண்டின் இறுதிக்குள் திருமணம் நடந்தது. மேளதாளமும் விருந்தும் இல்லாமல் சடங்கு மட்டும் நிறைவேறியது. மாப்பிள்ளை வீடு திரும்பியதும் தம் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக் கொண்டார். யமுனா அன்று முதல் இரமாபாய் ஆனாள்.

சகோதரிகளே, அந்தச் சிறுமியின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவள்மீது ஒரு நிழல் அல்ல, இரண்டு நிழல்கள் விழுந்தன. ஒன்று, கணவர் மறக்க இயலாத சக்குபாயின் நிழல். மற்றொன்று, அவர் மணந்திருக்க வேண்டும் என்று நாடே எதிர்பார்த்த, பெயரற்ற ஏதோ ஒரு கைம்பெண்ணின் நிழல். ரானடேயின் கொள்கை அவர் வீட்டு வாசலிலேயே தோற்றுவிட்டது என்று நண்பரும் பகைவரும் பேசினர். அந்தத் தோல்விக்குச் சான்றாக வீட்டினுள் நின்றவள், எதையும் அறியாத பதினொரு வயதுப் பெண். அவள் செய்த குற்றந்தான் என்ன?

கற்பலகை

ரானடே தம் தவற்றை அந்தச் சிறுமியின்மேல் சுமத்தவில்லை. திருமணமானதுமே, எழுதப் படிக்கத் தெரியுமா என்று அவளிடம் கேட்டார். தெரியாது என்று அறிந்ததும் ஒரு கற்பலகையை எடுத்து மராட்டி எழுத்துக்களைக் கற்பிக்கத் தொடங்கினார். பகலெல்லாம் நீதிமன்ற வேலை. இரவில் மனைவிக்குப் பாடம். இவ்வாறு கணவன் ஆசிரியரானார், மனைவி மாணவியானாள். மராட்டியில் தேறிய பின் ஆங்கிலப் பாடமும் தொடங்கியது.

ஆனால் பகல் வேளைகளில் இரமாபாய் வாழ வேண்டியது வீட்டுப் பெண்களிடையே. கூட்டுக் குடும்பமாகையால் பெரியவர்கள் பலர் இருந்தனர். மருமகள் புத்தகம் எடுப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவள் வாய்விட்டுப் படித்தால் ஏளனம் செய்தனர். ஆங்கிலம் கற்பிக்க வெள்ளைக்கார ஆசிரியை வந்தபோது, அவரருகே அமர்ந்த தீட்டுப் போகக் குளித்த பிறகே வீட்டுப் பொருள்களைத் தொடவேண்டும் என்று விதித்தனர். அவர்களுள் அதிகக் கடுமை காட்டியவர் நாத்தனார் துர்க்கா. தமக்கு மறுக்கப்பட்ட வாழ்வும் கல்வியும் இன்னொருத்தி கைக்கு வருவதைக் கண்ட மனத்தில் கசப்புத் தோன்றுவது இயல்பே அன்றோ? நாம் துர்க்காவை வெறுப்பதற்கு முன் இதையும் எண்ண வேண்டும்.

புகுந்த வீட்டில் எது நடந்தாலும் பொறுத்துக்கொள், ஒருவர்மேலும் கணவனிடம் கோள் சொல்லாதே என்று தந்தை பிரியும்போது அறிவுரை கூறியிருந்தார். இரமாபாய் அதைக் கடைப்பிடித்தார். இருந்தும் அவருடைய வாட்டம் கணவருக்குத் தெரிந்தே இருந்தது. எதிர்த்துப் பேசாமல் பொறுமையாக இரு என்றுதான் ரானடேயும் கூறினார். பெரிய மனிதரான அவர், வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கண்டித்துக் கூறியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. அவ்வகையில் அந்தச் சுமையை இரமாபாய் தனியே சுமந்தார் என்பதே உண்மை. ஆனால் படிப்பை மட்டும் அவர் விடவேயில்லை.

சபையில் எழுந்த குரல்

1878ஆம் ஆண்டில் ரானடேக்கு நாசிக் நகருக்கு மாற்றலாயிற்று. குடும்பப் பொறுப்பு இரமாபாயின் கைக்கு வந்தது. அங்கே ஒரு பள்ளி விழாவில் அவர் முதன்முறையாகப் பொதுமேடை ஏறினார். அன்று பேச வேண்டியதைக் கணவரே எழுதிக் கொடுத்தார். பின்னாளில் மராட்டியிலும் ஆங்கிலத்திலும் தாமாகவே பேசும் திறமை பெற்றார்.

1882ஆம் ஆண்டு, சமஸ்கிருதப் புலமையால் புகழ்பெற்ற பண்டித இரமாபாய் புனேக்கு வந்து, ஆரிய மகிளா சமாஜம் என்ற மாதர் சங்கத்தைத் தொடங்கினார். பின்னர் கிறிஸ்தவ மதத்தைத் தழுவி, கைம்பெண்களுக்காகவும் அநாதைப் பெண்களுக்காகவும் வாழ்நாளை அர்ப்பணித்தவர் அவர். அவருடைய கூட்டங்களுக்கு நம் இரமாபாயும் சென்றார். அதற்காக வீட்டில் ஏச்சுக் கேட்டார். மறு வாரமும் சென்றார்.

பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று புனேயில் சான்றோர் முயன்றபோது, அதற்கான ஆங்கில உரையைப் பொதுச்சபையில் எழுந்து நின்று வாசித்தவர் இரமாபாய் அம்மையார். ஆடவர் கூடிய அவையில் குலப்பெண் ஒருத்தி நின்று பேசுவது அன்று கேள்விப்படாத செயல். 1884ஆம் ஆண்டு அப்பள்ளி திறக்கப்பட்டது. ஹுஸூர்பாகா பள்ளி என்று இன்றும் பெயரோடு விளங்கும் அது, இந்தியர்கள் தாமே முயன்று பெண்களுக்காக நிறுவிய முதல் உயர்நிலைப் பள்ளிகளுள் ஒன்று. ஓர் எழுத்தும் அறியாமல் புனேக்கு வந்த சிறுமிக்கு அப்போது வயது 22.

விளக்கு அணைந்த பின்

1893ஆம் ஆண்டு ரானடே பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியானார். அந்நகரிலும் அம்மையார் மாதர் சங்கம் அமைத்து, மொழி, பொது அறிவு, தையல் முதலியவற்றைப் பெண்களுக்குக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். 1901ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் ரானடே மறைந்தார். அம்மையாருக்கு அப்போது 39 வயதுகூட நிறையவில்லை.

எந்தக் கைம்பெண்ணின் நிழலில் அவர் மணமகளாக நின்றாரோ, அந்த நிலை இப்போது அவருக்கே வந்தது. நாத்தனார் துர்க்காவின் நிலையும் இதுதான். புனே வீட்டுக்குத் திரும்பி ஓராண்டுக் காலம் வெளியுலகைப் பாராமல் இருந்தார். அதன்பின் எழுந்தவர் தம் இறுதி நாள் வரை ஓயவில்லை.

சிறைச்சாலையில் பெண் கைதிகளைச் சந்தித்து ஆறுதல் கூறினார். மருத்துவமனைகளில் நோயாளிகளுக்குப் பழமும் பூவும் கொண்டுசென்று கொடுத்தார். 1904ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய பாரத மகளிர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். பின் 1909ஆம் ஆண்டில் புனே சேவா சதனம் அவருடைய சொந்த வீட்டிலேயே தொடங்கியது. வீட்டின் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடந்த இளம் கைம்பெண்கள் அங்கே வந்து எழுத்துக் கற்றனர், ஆசிரியைகளாயினர், செவிலியராயினர். உயர்குடிப் பெண்கள் நோயாளிகளைத் தொட்டுப் பணி செய்வதா என்ற கூக்குரலை அம்மையார் பொருட்படுத்தவில்லை. ஊராரின் ஏச்சு அவருக்குப் புதிதா என்ன? பெண் குழந்தைகளுக்குக் கட்டாயக் கல்வி வேண்டும், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்றும் பாடுபட்டார். 1924ஆம் ஆண்டு உயிர் நீத்தார். அவருடைய நூற்றாண்டான 1962ஆம் ஆண்டில் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

மறைக்காத மனம்

1910ஆம் ஆண்டில் அம்மையார் தம் நினைவுகளை மராட்டியில் நூலாக வெளியிட்டார். கணவரைத் தெய்வமாகவே போற்றி எழுதிய நூல் அது. ஆயினும் தம் திருமணத்தின் கதையை அவர் மறைக்கவில்லை. கணவர் தம்மை விரும்பி மணக்கவில்லை என்பதையும், முதல் மனைவியை எண்ணி அவர் வருந்தியதையும், திருமண நாளன்று கதவு சாத்தப்பட்டதையும் உள்ளவாறே எழுதினார். மூத்தாளின் நினைவை அழித்துத்தான் தமக்கு இடம் தேட வேண்டும் என்று அவர் கருதவில்லை. தாம் கற்ற எழுத்தினால் தமக்கென ஓர் இடத்தைத் தாமே அமைத்துக் கொண்டார். பிறகு அந்த இடத்தில் மற்றப் பெண்களையும் அழைத்து அமர்த்தினார். ரானடே செய்யத் தவறிய கடமையை, அவர் பெயரால் அவர் மனைவியே நிறைவேற்றினார் என்று நான் கருதுகிறேன்.

மாணவியரே, பதினெட்டு வயதுக்குமுன் பெண்ணை மணமுடிப்பது இன்று சட்டப்படி குற்றம். ஆகவே இரமாபாயின் இளமைத் துன்பம் உங்களுக்கு வேண்டியதில்லை. ஆனால் தாயில்லாத வீட்டுக்குச் சிற்றன்னையாக வருகிறவர்கள் நம் தெருவில் இன்றும் உள்ளனர். உங்களில் சிலர் வீட்டிலும் இருக்கலாம். அவரை முன்னவரோடு ஒப்பிட்டு ஒரு சொல் சொல்ல நாவெழும்போது, கற்பலகையோடு அமர்ந்திருந்த அந்தப் பதினொரு வயதுச் சிறுமியை நினையுங்கள். அடுத்த முறை எட்டயபுரம் செல்லும்போது, பாரதியாரையும் அவரைப் பெற்ற அன்னையையும் வணங்குவதோடு, அவ்வீட்டுக்கு இரண்டாவதாக வந்த வள்ளியம்மாளையும் ஒரு கணம் நினைத்துப் பார்ப்போமாக!